மான் கம்பளம் மாட்டாத நாள்

என் ஓரகத்தி புருல்கான் அக்காவின் வீட்டில், வாசலுக்கு எதிர்ச்சுவரில் ஒரு ஒட்டுத்துணித் திரை தொங்கும். வருகிறவர்களில் மூத்தவரை அதன் கீழேதான் உட்கார வைப்போம். சில நாட்களில் மட்டும் அந்தத் திரை காணாமல் போய்விடும். அதே ஆணிகளில் ஒரு கம்பளம் தொங்கும். ஓடைக்கரையில் இரண்டு மான்கள், பின்னால் இருண்ட காடு. எங்கள் ஊரில் ஒரு காலத்தில் வீட்டுக்கு ஒன்று இருந்த அதே கடை மான்கள். மறுநாள் மான்கள் போய் திரை திரும்பி வந்துவிடும்.

நான் இந்தக் குடும்பத்துக்கு மருமகளாக வந்த புதிதிலேயே இதைக் கவனித்துவிட்டேன். எங்கள் இரண்டு வீடுகளுக்கும் ஒரே முற்றம். தலைநகரில் உயிரியல் படித்துவிட்டு இங்கே பள்ளிக்கூடத்தில் பாடம் எடுக்க வந்தவள் நான். ஒரு பழக்கத்தைக் கண்டால் அதன் காரணத்தைக் கண்டுபிடிக்கும் வரை எனக்குத் தூக்கம் வராது. முதலில் வெயிலுக்குப் பயந்து மாற்றுகிறாள் என்று நினைத்தேன். மேகம் போட்ட நாளிலும் மான் வந்தது. பிறகு முல்லா வருவதற்காக இருக்கும் என்று நினைத்தேன். ஆனால் முல்லா வருகிறார் என்றால் உயிருள்ள உருவத்தைத்தானே மறைக்க வேண்டும்? இங்கே மறைவது வெறும் துணி, வெளியே வருவது மான்.

கேட்டால் அக்கா சொல்வது ஒன்றுதான்.

"தூசி தட்டணும்டி சின்னவளே."

"நேத்துதானே தட்டினீங்க?"

"உன் பள்ளிக்கூடத்துல தூசிக்கு லீவு உண்டா? இங்க கிடையாது."

மூன்று குளிர்காலம் போன பிறகு புரிந்தது. பாலத்துக்கு அந்தப் பக்கமிருந்து சாகினாலி பெரியவரின் சாம்பல் குதிரை இறங்கினால்தான் மான்கள் சுவரேறும். வேறு யாருக்காகவும் ஏறுவதில்லை. அதற்குமேல் எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. பெரியவர் ஓய்வுபெற்ற மேய்ப்பர், எல்லாரிடமும் சிரித்துப் பேசுகிறவர். எந்த வீட்டுக்குள் போனாலும் ஆட்களைப் பார்க்கும் முன்னால் சுவர்களைப் பார்ப்பார். அடுக்கி வைத்த மெத்தைகளைக்கூட விரலால் தூக்கி அடியில் பார்ப்பார். பூவேலையில் ஆசை உள்ள மனிதர் என்று நினைத்துக்கொண்டேன். அவருக்கு 'திரும்பி வந்தவர்' என்று ஒரு பட்டப்பெயரும் உண்டு. ஒரு தடவை பனிச்சரிவில் காணாமல் போய்த் திரும்பினார் என்று மட்டும் எனக்குத் தெரியும். அதைப் பற்றி யாரும் அதிகம் பேச மாட்டார்கள்.

அக்கா இந்த இலையுதிர்காலத்துக்கு முந்தின இலையுதிர்காலத்தில் இறந்தாள். உருளைக்கிழங்கு எடுத்துக்கொண்டிருந்தவள், தலை சுற்றுகிறது என்று வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்தாள். பிறகு எழுந்திருக்கவே இல்லை.

முற்றத்தில் கூடாரம் போட்டு, பெண்கள் உள்ளே அழ, ஆண்கள் வெளியே நின்று அழ, எல்லாம் முறைப்படி நடந்தது. அவளுக்கான துணியையும் கிழித்தோம். வயதாகிப் போனவர்கள் வீட்டில் ஒரு சுருள் துணி வாங்கி, துண்டு துண்டாகக் கிழித்து, அழ வந்த பெண்களுக்குக் கொடுப்பது எங்கள் வழக்கம். ஜிர்திஷ் என்போம். வாங்குகிறவள் அதைக் குழந்தையின் சட்டையிலோ மெத்தையிலோ தைத்துக்கொள்வாள். போனவருடைய ஆயுசில் கொஞ்சம் அதோடு ஒட்டிக்கொண்டு வரும் என்று ஒரு நம்பிக்கை. மார்க்கத்தில் இதற்கு இடமில்லை என்று முல்லா ஒவ்வொரு தடவையும் சொல்வார். முல்லாவின் மனைவி ஒவ்வொரு தடவையும் முதல் வரிசையில் உட்கார்ந்து வாங்கிப் போவாள். அக்காவுக்கு நீலத்தில் வெள்ளைப் புள்ளி போட்ட துணி. அவள் நபியின் வயதான அறுபத்து மூன்றைத் தாண்டியிருந்தாள், அதனால் கிழிக்கலாம் என்றார்கள்.

சாகினாலி பெரியவரால் அடக்கத்துக்கு வர முடியவில்லை. அவருக்குத் தொண்ணூறு தாண்டிவிட்டது, முழங்கால் வீங்கியிருந்தது. கூட்டமெல்லாம் கலைந்த பிறகு ஒரு நாள் மருமகள் அனார்புபுவைக் கூட்டிக்கொண்டு காரில் வந்தார். காரிலிருந்து இறங்கும்போதே, "என் பிள்ளையே, என் விளக்கே" என்று குரலெடுத்து அழுதபடி வந்தார். என் வீட்டுக்காரர் ஓடிப்போய் அவரைத் தாங்கிக்கொண்டார். நான் உள்ளே தேநீர்க் கிண்ணங்களை நிரப்பிக்கொண்டிருந்தேன்.

அவர் வாசல்படியில் கால் வைத்த பிறகுதான் எனக்கு உறைத்தது. மான்களை மாட்ட வேண்டியவள் இல்லை. திரை சுவரில் தொங்கிக்கொண்டிருந்தது.

பெரியவர் வழக்கம்போலச் சுவரைப் பார்த்தார். அழுகை நின்றது. நேராகத் திரைக்குப் போய் மூக்கு உரசும் அளவுக்கு முகத்தைக் கொண்டுபோனார். நடுவில் ஒரு துண்டு, செங்கல் நிறச் சாட்டின். அதன்மேல் விரலை வைத்துக்கொண்டு, இன்னொரு கையால் தன் கம்பளிக்கோட்டின் பொத்தானைக் கழற்றத் தொடங்கினார்.

"மாமா, எழவு வீட்டுல கோட்டை அவுக்காதீங்க" என்றாள் அனார்புபு.

"பின்ன கல்யாண வீட்டுலயா அவுக்கறது?" என்று அவளிடம் சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினார். "மருமகளே, இங்க வா. என் கண்ணு சரியாத் தெரியல. ரெண்டும் ஒண்ணான்னு பாத்துச் சொல்லு."

கோட்டின் உட்புறம் முழுவதும் கையகலத் துண்டுகளை ஒன்றோடொன்று இணைத்துத் தைத்த செங்கல் நிறச் சாட்டின். நிறம் மங்கியிருந்தது. ஆனால் நெசவில் ஓடிய மெல்லிய கோடுகூட ஒன்றுதான். இடது அக்குளுக்குக் கீழே மட்டும் அந்தத் துணி இல்லை. மாவு மூட்டைச் சாக்கில் வெட்டிய வெள்ளைத் துண்டு ஒன்று அங்கே உட்கார்ந்திருந்தது.

"ஒண்ணுதான் பெரியப்பா" என்றேன். வேறு என்ன சொல்வது?

அவர் திரைக்கு அடியிலேயே உட்கார்ந்து, தேநீரைக் கையில் வாங்கிக்கொண்டு சொன்னார். பனிச்சரிவு வந்த அந்த வருஷம் அவருக்கு அறுபத்து மூன்று முடிந்திருந்தது. தேடிப்போனவர்களுக்குச் செத்த குதிரையும் அவர் தொப்பியும் பனிக்குள் கிடைத்தன. ஆள் கிடைக்கவில்லை. ஊர் காத்திருந்து பார்த்துவிட்டு உடல் இல்லாமலே தொழுகை நடத்தியது. பெண்கள் துணியைக் கிழித்துக் கொடுத்துவிட்டார்கள். அவரோ கணவாய்க்கு அந்தப் பக்கம், ஒரு மேய்ப்பர் குடிசையில், கால் முறிந்து கிடந்தார். பனி விலகியதும் வீட்டுக்கு வந்தார். வந்தவரைப் பார்த்து அவர் மனைவி முதலில் செய்த வேலை, வீடு வீடாகப் போய்த் துணியைத் திரும்ப வாங்கியதுதான். மெத்தையில் தைத்திருந்தவர்களும் பிரித்துக் கொடுத்தார்கள். எல்லாவற்றையும் சேர்த்துத் தைத்து அவருடைய கோட்டுக்கு உட்துணியாகப் போட்டாள்.

"ஒரு துண்டு மட்டும் வரல. அந்த எடத்துலதான் எனக்குக் குளிருது" என்றார் பெரியவர். "குளிரு போனாப் போகுது. கிழவிங்க சொல்றதுதான் பெரிசு. சாவுத்துணி ஒண்ணு வெளிய இருக்கற வரைக்கும் அதே ஆளுக்கு மறுபடி கிழிக்கக் கூடாதாம். நான் பாக்காத சாவு இல்ல, போகாத எழவு இல்ல. கடைசில என்னை மட்டும் ஒரு முழம் துணி கிழிக்காம, நாயைப் பொதைக்கற மாதிரி பொதைப்பாங்க. நான் எல்லாம் வாங்கி வெச்சுட்டேன் மருமகளே. என்னைச் சுத்திப் பொதைக்கற கபன் துணி, கிழிக்கறதுக்கு ஒரு சுருள், எல்லாம். இது ஒண்ணுதான் பாக்கி."

"ஏன் பெரியப்பா, எங்க அக்காகிட்டயே கேட்டிருக்கலாமே?"

"கேட்டேனே. என் பெண்டாட்டியும் கேட்டா. கன்னுக்குட்டி மென்னுடுச்சுன்னா."

எழுந்து போகும்போது, "நாப்பதாம் நாள் விருந்துக்கு வருவேன். பிரிச்சு எடுத்து வை" என்றார். பிறகு திரையைத் திரும்பிப் பார்த்து, கோபமே இல்லாத குரலில், "அவமேல விழுந்த மண்ணு பட்டு மாதிரி மெத்துனு இருக்கட்டும்" என்றார்.

மான் கதைக்கு விடை கிடைத்துவிட்டது. அதைவிடப் பெரிய கேள்வி வந்து உட்கார்ந்துகொண்டது. எங்கள் அக்கா எதையும் வைத்துக்கொள்கிற பெண்ணே இல்லை.

அவள் தபால் நிலையத்தில் தொலைபேசி இணைப்புக் கொடுப்பவளாக வேலை பார்த்தவள். ஊரில் முக்கால்வாசிப் பிறப்பும் இறப்பும் முதலில் அவள் காதில்தான் விழுந்தன. நல்ல செய்தியானால் கதவைச் சாத்தாமலே வெளியே ஓடிவருவாள். கெட்ட செய்தியானால் பின்வழியாகப் போய், அந்த வீட்டு மாட்டுக்கு வைக்கோல் போட்டுவிட்டு, பிறகுதான் கதவைத் தட்டுவாள். "அழ ஆரம்பிச்சா மாட்டை யார் பார்ப்பாங்க?" என்பாள். வேலையை விட்டு வந்த பிறகும், யார் பேசினாலும் தலையை ஒரு பக்கம் சாய்த்து, இல்லாத கருவியைத் தோளுக்கும் காதுக்கும் நடுவே பிடித்துக் கேட்பாள்.

வீட்டில் பொருள் அதிகம் கிடையாது. இருந்த ஒவ்வொன்றுக்கும் ஒரு ஆள் உண்டு. தேநீர்க் குடுவையின் மூடியைக் கம்பியால் கட்டியது அவள் கணவர். அவர் போன பிறகு நான் பட்டணத்திலிருந்து புதுக் குடுவை வாங்கி வந்தேன். "மூடி ஆடற சத்தம் இல்லாம தேநீர் எப்படி இறங்கும்?" என்று சொல்லி அதை எனக்கே திருப்பிக் கொடுத்துவிட்டாள். கண்ணாடி அலமாரியில் கைப்பிடி உடைந்த கோப்பை ஒன்று முன்வரிசையில் இருக்கும். என் கல்யாணத்தன்று நான் உடைத்தது அது. யார் கேட்டாலும், "எங்க சின்னவ வந்த நாள்" என்று அதைக் காட்டுவாள்.

திரையில் எல்லாமே எழவு வீடுகளில் வாங்கிய துண்டுகள். குளிர்காலச் சாயங்காலங்களில் அதன் கீழே உட்கார்ந்து கம்பளி நூல் சுற்றுவோம். நான் ஒரு துண்டைத் தொட்டுக் கேட்பேன். பச்சை வெல்வெட்டு, பாடும்போது ஒரு கண்ணை மூடிக்கொள்ளும் கிழவி. மஞ்சள் பூ, பேரன்களின் பெயரை வரிசையாகக் கூப்பிட்டுக் கடைசியில் நாயின் பெயரையும் சேர்த்துக் கூப்பிட்ட பாட்டன். அவர்கள் எப்படிச் செத்தார்கள் என்று ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. எப்படிச் சிரித்தார்கள், எதற்குச் சண்டை போட்டார்கள் என்றே சொல்வாள். நடுத்துண்டைத் தொட்டால் மட்டும், "அதுவா, கடைத்துணி. எடம் காலியா இருந்துச்சு, போட்டேன்" என்று நூலை வேகமாகச் சுற்றுவாள்.

இப்படிப்பட்டவள் ஒரு மனிதனுடைய துணியை இத்தனை வருஷம் எதற்கு வைத்துக்கொண்டாள்? இளம் வயதில் ஏதாவது மனக்கசப்பு உண்டோ, வேறு ஏதாவதோ என்றெல்லாம் என் மனம் ஓடியது. நாற்பதாம் நாள் வேலைக்கு உதவ, அக்காவோடு தபால் நிலையத்தில் வேலை பார்த்த கலிபா வந்திருந்தாள். ஊர் முழுக்கக் கடிதம் கொண்டுபோய்ப் போட்டவள், வாய்க்குப் பூட்டே இல்லாதவள். மாவைத் தேய்த்துப் பெரிய வட்டமாக விரித்து, நாடா நாடாவாக வெட்டிக்கொண்டிருந்தாள். நான் கேட்டதும் கத்தி நின்றது.

"கண்டுபிடிச்சுட்டாரா கிழவர்?"

"உங்களுக்குத் தெரியுமா?"

"ஊர்ல எனக்குத் தெரியாதது ஒண்ணு உண்டா? ஆனா இதை மட்டும் முழுங்கிட்டேன். அதான் வயிறு இப்படி இருக்கு." பிறகு சிரிப்பை விட்டுவிட்டுச் சொன்னாள். "அவளுக்கு முதல்ல ரெண்டு பொறந்துச்சு. ரெண்டும் தங்கல. உனக்குத் தெரியும்ல?"

தெரியும். ஆனால் அக்கா வாயால் கேட்டதில்லை.

"கிழவர் காணாமப் போன வருஷம் மூணாவது வயித்துல இருந்துச்சு. துணி கிழிச்சப்ப இவளும் போய் வாங்கிட்டு வந்தா. அப்புறம் பனி விலகி லைன் சரியாச்சு. நான் தபால் பையைக் கட்டிக்கிட்டிருக்கேன், மணி அடிக்குது, இவ எடுக்கறா. அந்தப் பக்கத்துப் பள்ளத்தாக்குலருந்து ஒருத்தன் கத்தறான். 'உங்க ஊர்க் கிழவன் ஒருத்தன் இங்க கெடக்கான், காலு உடைஞ்சிருக்கு, வாய் நல்லா இருக்கு, வந்து எடுத்துட்டுப் போங்க'ங்கறான். கருவியை வெச்சா. வெளிய ஓடுவான்னு பாத்தேன். ஓடல. வயித்துல கைய வெச்சுக்கிட்டு நின்னா. அப்புறம் என்கிட்ட கேட்டா, 'கலிபா, செத்தவன் துணியே ஆயுசு குடுக்கும்னா, செத்தும் சாகாதவன் துணி என்ன குடுக்கும்?'"

கலிபா மாவின்மேல் கையால் தடவினாள்.

"அதுக்கு நான் என்ன பதில் சொல்வேன்? கிழவர் பெண்டாட்டி வந்து கேட்டப்ப, கன்னுக்குட்டி மென்னுடுச்சுன்னு சொல்லிட்டா. அந்த அம்மா கன்னுக்குட்டிய ரொம்ப நேரம் பார்த்தாங்க. அதுவும் அசை போட்டுக்கிட்டே நின்னுச்சு, சாட்சி சொல்ற மாதிரி."

அந்த மூன்றாவதுதான் தலாய். அவன் பிறந்ததும் துணி தொட்டிலுக்குப் போனது. குழந்தை தங்கிவிட்டான். "எழுந்து நடக்கட்டும், குடுத்துடறேன்னு சொன்னா. நடந்தான். பள்ளிக்கூடம் போகட்டும்னா. போனான். பட்டாளத்துலருந்து வரட்டும், கல்யாணம் ஆகட்டும். எல்லாம் ஆச்சு. அப்புறம் பையன் லாரி ஓட்ட ஆரம்பிச்சான், கணவாய் கணவாயா. அதோட நான் கேக்கறதை விட்டுட்டேன்."

"அப்படின்னா பெட்டிக்குள்ள ஒளிச்சு வெச்சிருக்கலாமே? ஏன் சுவர்ல மாட்டணும், கிழவரைக் கண்டா மானைத் தூக்கிக்கிட்டு ஓடணும்?"

"பெட்டிக்குள்ள போட்டா துணி தூங்கிடும்னா. பையன் சாப்பிடற, தூங்கற எடத்தைப் பாத்துக்கிட்டே இருக்கணுமாம்." கலிபா மறுபடி கத்தியை எடுத்தாள். "உயிரியல் டீச்சர்தானே நீ? நீயே சொல்லு, அவ செஞ்சது தப்பா?"

நான் அவள் வெட்டிப்போட்ட நாடாக்களை ஒவ்வொன்றாகப் பிரித்து மாவு தூவ ஆரம்பித்தேன்.

தலாய்க்குத் தொலைபேசியில் எல்லாவற்றையும் சொன்னேன். லாரிக்குப் பக்கத்தில் நின்று கேட்டிருப்பான் போல, இயந்திரத்தின் இரைச்சல் கேட்டது.

"அம்மாவுக்கு இதெல்லாம் ஒரு நம்பிக்கை சித்தி. பாவம் கிழவர், குடுத்துடுங்க. துணியா என்னைக் காப்பாத்துது? பிரேக்குதான் காப்பாத்துது."

"நிச்சயமாத்தானே சொல்ற?"

"அட, குடுங்க சித்தி."

அன்று சாயங்காலமே அவனிடமிருந்து மறுபடி அழைப்பு வந்தது. கணவாய் அடிவாரத்தில் நிறுத்தித் தேநீர் குடிப்பதாகச் சொன்னான். மேலே பனி பெய்கிறது என்றான். வீட்டில் மாடு, கோழி எல்லாம் விசாரித்தான். கடைசியில் கேட்டான்.

"அதைப் பிரிச்சுட்டீங்களா?"

"இன்னும் இல்ல."

"ஒண்ணும் அவசரமில்ல சித்தி. நான் இறங்கினதும் கூப்பிடறேன், அப்புறம் பிரிங்க."

அவன் கீழே இறங்கி அழைத்த பிறகும் நான் பிரிக்கவில்லை. விருந்துக்கு முந்தின நாள், இனித் தள்ளிப்போட முடியாது என்று திரையை இறக்கி, வெளிச்சத்துக்காகச் சன்னலோரம் விரித்து, பின்பக்கத்தைத் திருப்பினேன்.

மற்ற துண்டுகளெல்லாம் எறும்பு வரிசை போல நெருக்கமான தையல், அக்காவின் கை. நடுத்துண்டு மட்டும் அப்படி இல்லை. நீள நீளமான தையல், சட்டை அளவு பார்க்க முதலில் போடுவோமே, அதைப் போல. நூல் முனையில் முடிச்சுகூட இல்லை. பிடித்து இழுத்தால் கையோடு வந்துவிடும். நூலும் புதிது. அதைவிட வியப்பானது இன்னொன்று. ஓரங்களில் பழைய ஊசித் துளைகள், ஒரு வரிசைக்குப் பக்கத்தில் இன்னொரு வரிசை, அதற்குப் பக்கத்தில் இன்னொன்று. சாட்டின் ஓரம் சல்லடை மாதிரி ஆகியிருந்தது. யாரோ இதைத் திரும்பத் திரும்ப எடுத்திருக்கிறார்கள். திரும்பத் திரும்பத் தைத்திருக்கிறார்கள்.

கத்தரியைக் கீழே வைத்துவிட்டேன். எடுக்கத்தான் வேண்டும் என்றால் அவரே வந்து எடுத்துக்கொள்ளட்டும் என்று திரையை ஆணியில் மாட்டினேன்.

நாற்பதாம் நாள் ஊரே வந்தது. எங்கள் வழக்கப்படி குதிரை அறுத்து, தொழுகை முடித்து, கறியும் மாவு நாடாவும் பரிமாறினோம். சாகினாலி பெரியவர் அதே கோட்டைப் போட்டுக்கொண்டு வந்து திரையின் கீழே உட்கார்ந்தார். சாப்பாடு முடிந்து கூட்டம் முற்றத்துக்குப் போன பிறகு, அவரும் அனார்புபுவும் மட்டும் உள்ளே இருந்தார்கள். கலிபா பாத்திரம் ஒழுங்கு செய்கிற சாக்கில் அங்கேயே சுற்றிக்கொண்டிருந்தாள். நான் அவர் அருகில் உட்கார்ந்து, கலிபா சொன்னதை அப்படியே சொன்னேன். காதுக்குப் பின்னால் கையை வைத்துக் கேட்டுக்கொண்டே இருந்தார். தங்காமல் போன இரண்டு குழந்தைகளைப் பற்றிச் சொன்னபோது மட்டும் கை கீழே இறங்கியது.

"அந்தப் பையன் எங்க?"

தலாயைக் கூப்பிட்டேன். வாசலில் வந்து நின்றான், வாசல் நிறைந்துவிட்டது.

"எத்தனை கிலோ இருப்ப?"

"நூத்திப் பத்து, தாத்தா."

"என் கையகலத் துணியில இவ்வளவா வளந்துச்சு?"

கலிபா வாயைப் பொத்திக்கொண்டாள். தலாய் சிரித்தான். ஆனால் கதவுநிலையைப் பிடித்த கையை விடவில்லை.

"எடுத்துக்கங்க தாத்தா. எனக்கு ஒண்ணும் ஆகாது."

"உனக்கு ஒண்ணும் ஆகாதுன்னு யாருடா சொன்னது? நான் பனிக்கு அடியில கெடந்தவன். ஆகும், எல்லாருக்கும் ஆகும்." பெரியவர் தடியை ஊன்றி எழுந்தார். "மருமகளே, எதைப் புடிச்சு இழுக்கணும்?"

நூல் முனையைக் காட்டினேன். அவர் இழுத்தார். ஒரு பக்கம் முழுக்க நூல் சத்தமில்லாமல் உருவிக்கொண்டு வந்தது. துண்டு மடிந்து தொங்கியது. அதன் ஓரம் அவர் விரலில் பட்டது. குனிந்து பார்த்தார். கண் தெரியாததால் நகத்தால் தடவித் தடவிப் பார்த்தார்.

"என்ன இது, இத்தனை ஓட்டை? பூச்சி அரிச்சுதா?"

"பூச்சி இல்ல பெரியப்பா, ஊசி. அக்கா இதைப் பல தடவை பிரிச்சிருக்காங்க. மறுபடி மறுபடி தைச்சிருக்காங்க."

முற்றத்தில் யாரோ குதிரையை அதட்டுகிற சத்தம் கேட்டது. பெரியவர் அந்த ஓரத்தை விரலால் ஓட்டிப் பார்த்துக்கொண்டே நின்றார்.

"அப்ப ஒவ்வொரு தடவையும் எனக்குக் குடுக்கணும்னு கிளம்பியிருக்கா" என்றார் கடைசியில். "பாலம் வரைக்கும்கூட வந்திருப்பா. பாவி. ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நானே வேணாம்னு சொல்லியிருப்பேனே."

அனார்புபு மெதுவாக, "அப்ப எடுத்துக்கலையா மாமா? உங்களுக்குக் கிழிக்க முடியாதேன்னு தினமும் என் உயிரை வாங்கினீங்களே" என்றாள்.

"இரு, யோசிக்க விடு." மறுபடி உட்கார்ந்தார். தாடியை இழுத்துவிட்டுக்கொண்டார். திடீரென்று அவர் முகத்தில் ஒரு குறும்பு வந்ததைப் பார்த்தேன். "துணி எதுக்குக் கிழிக்கறாங்க? ஊர் வீட்டுக்கெல்லாம் ஒரு பங்கு போகணும்னுதானே? இந்த வீட்டுப் பங்கு முன்னாடியே போயாச்சு, அவ்வளவுதான். அனார்புபு, நல்லாக் கேட்டுக்க. நான் போனதும் அந்தச் சுருளை எடுத்துக் கிழி. ஊருக்கெல்லாம் குடு. இந்த வீட்டுக்கு மட்டும் குடுக்காத. வாங்கிட்டாங்க."

"ஊர் என்ன பேசும் மாமா?"

"என்ன பேசுச்சுன்னு வந்து எனக்கா சொல்லப் போற?" பிறகு என் பக்கம் திரும்பினார். "மருமகளே, ஊசி கொண்டா. இதை ஒழுங்காத் தை. முடிச்சுப் போட்டு, நெருக்கித் தை. இனி யாரும் பிரிக்கக் கூடாது."

நான் தைத்தேன். அவர் பக்கத்திலேயே உட்கார்ந்து, கண் தெரியாமலே குறை சொன்னார். கோணலாகப் போகிறதாம், படித்தவர்கள் தையல் எல்லாம் இப்படித்தானாம், என் ஓரகத்தி இருந்தால் சிரிப்பாளாம். தைத்து முடித்ததும் கோட்டைக் கழற்றி என் மடியில் போட்டார்.

"அவளுக்குக் கிழிச்ச துணியில மிச்சம் இருக்கா?"

இருந்தது. ஆனால் அது பெண்கள் வாங்குகிற துணி. எந்த ஆணும் கேட்டு நான் பார்த்ததில்லை. நான் கலிபாவைப் பார்த்தேன். கலிபா தோளைக் குலுக்கினாள். உள்ளே போய் நீலத்தில் வெள்ளைப் புள்ளி போட்ட துண்டைக் கொண்டுவந்தேன். மாவு மூட்டைச் சாக்கைப் பிரிக்கக் கத்தரியை எடுத்தபோது என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அது என் பெண்டாட்டி வெச்ச துண்டு. அதைத் தொடாத. அதுக்கு மேலயே வெச்சுத் தை. ரெண்டு பேரும் இருக்கட்டும், குளிராது."

போகும்போது தலாயின் முதுகில் ஒரு தட்டு தட்டிவிட்டு, "மெதுவா ஓட்டு, துணி பழசு" என்றார்.

அதற்குப் பிறகு மான்களுக்கு வேலை இல்லாமல் போனது. தலாய் அந்தக் கம்பளத்தை எடுத்துப் போய் லாரி இருக்கையில் விரித்துக்கொண்டான். பெரியவர் வரும்போதெல்லாம் திரை சுவரிலேயே இருந்தது. யார் கூட இருந்தாலும் நடுத்துண்டைத் தடியால் சுட்டிக்காட்டி, "அது யாரோடது, கேளு, கேளு" என்பார். கேட்டால் நெஞ்சில் தட்டிக்கொள்வார்.

அவர் இந்த வசந்தத்தில் போனார், ஆட்டுக்குட்டிகள் பிறக்கிற சமயம். அவர் வீட்டுக் கூடாரத்துக்குள் பெண்களோடு நானும் உட்கார்ந்திருந்தேன். அழுகை ஓய்ந்ததும் துணி கிழிகிற சத்தம் கேட்டது. கரும்பச்சை நிறம், நல்ல கனத்த துணி. அனார்புபு ஒவ்வொருவர் மடியிலும் ஒரு துண்டு வைத்துக்கொண்டே வந்தாள். முல்லாவின் மனைவிக்கு வைத்தாள். கலிபாவுக்கு வைத்தாள். என் முன்னால் வந்ததும் ஒரு நொடி நின்றாள். அவள் கண் கலங்கியிருந்தது. கையிலிருந்த துண்டை எனக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தவளுக்கு நீட்டினாள்.

சுற்றியிருந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பின்வரிசையிலிருந்து, வெளியூர் உறவுக்காரி போலிருக்கிறது, என் தோளைத் தொட்டாள்.

"ஏம்மா, உன்னை விட்டுட்டுப் போறாளே. ஏதாவது சண்டையா?"

"இல்லம்மா" என்றேன். "எங்க வீட்டுக்கு அவரோடது முன்னமே வந்து சேந்துடுச்சு."